ரெண்டு அளவு வளையல்

டென்னிஸ் என்றால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது எங்கள் வீட்டுப் பின்பக்கம் கிடந்த துவைக்கிற கல்தான். பக்கத்து வீட்டுப் பிள்ளை ஆடுவாள், நான் அவள் துணியைத் துவைப்பேன். யார் துவைக்கச் சொன்னது என்று கேட்காதீர்கள், யாரும் சொல்லவில்லை. வெள்ளைப் பாவாடையைச் செக்கச்செவேலென்று ஆக்கிக்கொண்டு அப்படியே வீட்டுக்குள் போனால் அவள் அம்மா வாசலிலேயே பிடித்துக்கொள்வார்கள். அதனால் சுவர் ஏறிக் குதித்து எங்கள் பக்கம் வந்து, என் தாவணியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். தேரிக்காட்டுச் செம்மண் கறை லேசில் போகாது. கல்லில் விழுகிற ஒவ்வொரு அடியும் அவள் முதுகில் விழுவதாக நினைத்துக்கொண்டு துவைப்பேன். அப்போதுதான் கொஞ்சம் ஆத்திரம் அடங்கும்.

அவளும் நானும் ஒரே வகுப்பு, அடுத்தடுத்த வீடு. எங்கள் அப்பாவுக்கு உடன்குடிக் கருப்பட்டி வியாபாரம். வீடு முழுக்க அந்த வாசம்தான். அவள் அம்மா நாசரேத்துக்காரர்கள், மிஷன் பெண்கள் பள்ளியில் எங்களுக்குத் தமிழ் எடுத்தார்கள். பள்ளியில் டீச்சர் என்று கூப்பிட்டுப் பழகி, வீட்டிலும் எனக்கு அவர்கள் டீச்சர்தான். சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து அவர்கள் இருமினால் கூட இந்தப் பக்கம் நான் எழுந்து நின்றுவிடுவேன்.

அவள் அப்பாவுக்குத் துறைமுக வேலையில் உத்தியோகம். புதுத் துறைமுகம் கட்டிக்கொண்டிருந்த காலம். கல் ஏற்றிய லாரிகள் நாள் முழுக்க ஊரை அதிரவைத்துக்கொண்டு கடலுக்குப் போகும். அந்த ஆபீஸ்காரர்கள் சாயங்காலம் கூடுவதற்கு ஒரு கிளப் இருந்தது. அதில் ஒரே ஒரு டென்னிஸ் கோர்ட். களிமண் போட்டு, மேலே தேரிச் செம்மண்ணைத் தூவி உருட்டியிருப்பார்கள். பெண்கள் ஆடக்கூடாது என்று யாரும் எழுதி ஒட்டவில்லை. எவளும் ஆட வரமாட்டாள் என்ற நம்பிக்கைதான்.

ஆனி பிறந்துவிட்டால் தூத்துக்குடியில் கச்சான் காற்று கிளம்பும். மேற்கே இருந்து மண்ணை வாரிக்கொண்டு வந்து முகத்தில் அடிக்கும். கடலுக்குப் போகிறவர்களே யோசித்துத்தான் வலையை எடுப்பார்கள். அப்புறம் கிளப் ஆட்களைக் கேட்க வேண்டுமா? ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே சீட்டு ஆடுவார்கள். கோர்ட் சும்மா கிடக்கும். இவளுக்கு வேண்டியது அதுதான். அப்பாவின் பழைய மட்டையைத் தூக்கிக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு போய்விடுவாள். மற்றவர்கள் வலையைச் சுருட்டி வைக்கிற மாதங்களில்தான் அவள் டென்னிஸ் கற்றுக்கொண்டாள்.

நான் எதிர்ப்பக்கம் நிற்பேன். நின்றேன் என்றுதான் சொல்ல முடியும், ஆடினேன் என்று சொன்னால் சாமி கண்ணைக் குத்தும். கண்ணில் மண், வாயில் மண், தலைமுடிக்குள் மண். அவள் அடிக்கிற பந்து காற்றில் வளைந்து எங்கேயோ வரும், நான் எங்கேயோ இருப்பேன். பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, போளா நீயும் உன் பந்தும் என்று மட்டையைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவேன். அவள் கோபப்படவே மாட்டாள். வந்து என் மட்டையை எடுத்து, கைப்பிடியை ஊதித் துடைத்து, திரும்ப என் மடியில் வைப்பாள். வைத்துவிட்டுப் பேசாமல் தன் பக்கத்துக்குப் போய் நின்றுகொள்வாள். என்னைப் போன்ற சண்டைக்காரியை எழுப்ப அதைவிட நல்ல வழி கிடையாது.

அவள் ஆட்டத்தில் நான் முதலில் ஆச்சரியப்பட்டது பந்தைத் தூக்கிப் போடுவதில். எல்லாரும் சர்வீஸ் போடும்போது பந்தை உயரத் தூக்கிப் போட்டு, மேலே போய் அடிப்பார்கள். இவள் தலைக்குக் கொஞ்சம் மேலே விட்டு, கண்மூடித் திறக்குமுன் அடித்துவிடுவாள். கச்சானில் பந்தை உயரத் தூக்கினால் அது அடுத்த காம்பவுண்டுக்குப் போய்விடும், வேறென்ன செய்வாள்? முதல் தடவை மெட்ராஸுக்கு ஆடப் போனபோது அங்கே ஒரு பெரிய மனிதர் இதைப் பார்த்துவிட்டு, பாவம், பிள்ளைக்குப் பந்து தூக்கிப் போடவே தெரியவில்லை என்று எல்லார் முன்னாலும் சிரித்தார். இவள் சிரித்துக்கொண்டே, எங்க ஊர்ல காத்து விடாது சார் என்றாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. அந்த ஆளை ஓர் ஆடி மாதம் எங்கள் கோர்ட்டில் நிற்கவைத்துப் பார்க்க வேண்டும் என்று ஊர் வருகிற வரைக்கும் பொருமிக்கொண்டே வந்தேன்.

அந்த முறை தோற்றாள். மதுரையில் ஜெயித்தாள், கோயம்புத்தூரில் ஜெயித்தாள், மறுபடி மெட்ராஸில் தோற்றாள். கல்லூரி முடிப்பதற்குள் தெற்கே அவளை அடிக்க ஆள் இல்லை என்று ஆகிவிட்டது. டீச்சர் இதில் எதையும் போய்ப் பார்த்ததில்லை. அவர்களுடைய கவலை வேறே. பிள்ளை கறுத்துப்போகிறாள். ஏற்கெனவே மாநிறம், இப்போது கேட்கவே வேண்டாம், எங்கள் கடைக் கருப்பட்டியைப் பக்கத்தில் வைத்தால் கருப்பட்டி வெள்ளையாகத் தெரியும். சனிக்கிழமை தோறும் பயத்தமாவும் தயிரும் குழைத்து டீச்சர் அவளைப் பிடித்து உட்காரவைப்பார்கள். அவளும் முகத்தைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பாள். திங்கட்கிழமை மறுபடி வெயிலில் நிற்பாள்.

இப்படி இருக்கையில் சாத்தான்குளம் பக்கம் இருந்து ஒரு சம்பந்தம் வந்தது. குறை சொல்ல முடியாத குடும்பம். மாப்பிள்ளைக்குப் பம்பாயில் நல்ல வேலை. பெண் கொஞ்சம் கறுப்பு என்பதை அவர்கள் பெரிதுபடுத்தவில்லை. ஒன்றே ஒன்று மட்டும் சொன்னார்கள். உறுதி செய்த பிறகு பிள்ளை ஆட்டம், போட்டி என்று ஊர் ஊராகப் போவது வேண்டாம். டீச்சர் சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டார்கள். அவள் அப்பா பேப்பரைப் பிரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார்.

அந்த வாரக் கடைசியில்தான் மெட்ராஸில் பெரிய போட்டி. கடைசி நாலு பேரில் வந்துவிட்டால் மாநில அணியில் இடம். மாநில அணிக்குள் போய்விட்டால் கல்கத்தா, டெல்லி என்று ஆடலாம். அங்கே நன்றாக ஆடினால் வெளிநாட்டுப் போட்டிகளுக்கு அனுப்ப ஆள் இருந்தது. ஆடுவதையே பிழைப்பாக வைத்துக்கொள்ளலாம். அதற்குத்தான் இத்தனை வருஷம் அவள் மண் தின்றாள். நிச்சயத்தை அதே வாரம் திங்கட்கிழமைக்கு வைத்தார்கள். அதோடு எல்லாம் முடிந்தது.

நான் அவளைப் பிடித்து உலுக்கினேன். வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருக்கிறாய், வேண்டாம் என்று சொல்ல வேண்டியதுதானே என்று கத்தினேன். அவள் மட்டையின் நரம்பை விரலால் நெருடிக்கொண்டு இருந்துவிட்டுச் சொன்னாள்:

“எங்கம்மா எதுக்க நின்னா மட்டும் எனக்குக் கையே ஓடமாட்டேங்குளா.”

அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. எப்பேர்ப்பட்ட கையை வைத்துக்கொண்டு என்ன பேச்சுப் பேசுகிறாள்!

அவர்கள் பக்கத்து வழக்கம், நிச்சயத்தன்று மாப்பிள்ளையின் அம்மா பெண்ணின் ரெண்டு கையிலும் தங்க வளையல் போட வேண்டும். அதற்கு முன்கூட்டியே அளவு வளையல் கேட்டு அனுப்பியிருந்தார்கள். டீச்சர் பெட்டியைத் திறந்து, சின்ன வயதில் கோயிலில் திடப்படுத்தல் ஆராதனைக்கு அவள் போட்டிருந்த கண்ணாடி வளையல் ஒன்றை எடுத்து, அவள் இடது கையில் மாட்டிப் பார்த்தார்கள். சரியாக இருந்தது. அதையே கொடுத்துவிட்டார்கள். வலது கையில் மாட்டிப் பார்க்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? ஒரு பெண்ணுக்கு ரெண்டு கை, ரெண்டும் ஒரே அளவு, உலகமெல்லாம் அப்படித்தான். மட்டை பிடிக்க இடைஞ்சல் என்று அவள் வலது கையில் வளையல் போட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. அவளுக்கே தெரியாது.

திங்கட்கிழமை சாயங்காலம் கூடம் நிறைய ஆட்கள். குருவானவர் ஜெபம் செய்தார், பாட்டுப் பாடினார்கள். நான் மக்ரூன் தட்டைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றேன். அவளுக்கு அரக்குப் பட்டு, தலை நிறைய மல்லிகைப்பூ. அழகாகத்தான் இருந்தாள், ஆனால் எனக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை.

மாப்பிள்ளையின் அம்மா இடது கையைப் பிடித்தார்கள். வளையல் வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. வலது கையைப் பிடித்தார்கள். விரல்களைத் தாண்டி வந்த வளையல் முட்டியில் நின்றுவிட்டது. சிரித்துக்கொண்டே கொஞ்சம் அழுத்தினார்கள். ஏறவில்லை. தேங்காய் எண்ணெய் வந்தது. ஏறவில்லை. சோப்பும் தண்ணீரும் வந்தது. ஒரு பெண் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள், இன்னொருத்தி விரல்களைச் சேர்த்துக் குவித்துக்கொண்டாள், மாப்பிள்ளையின் அம்மா வளையலைத் திருகித் திருகித் தள்ளினார்கள். கட்டைவிரல் அடியில் தோல் சிவந்து, பிறகு கன்றி, வீங்க ஆரம்பித்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். வெள்ளிக்கிழமை மட்டை பிடிக்க வேண்டிய கை அது, விடுங்கடி என்று என் தொண்டை வரைக்கும் வந்தது. பக்கத்து வீட்டுக்காரி, நான் என்ன வாய் திறப்பது? தட்டை அழுத்திப் பிடித்ததில் நாலு மக்ரூன் நொறுங்கியதுதான் மிச்சம்.

கடைசியில் மாப்பிள்ளையின் அம்மா நெற்றியைத் துடைத்துக்கொண்டு வளையலை உருவி எடுத்தார்கள். கெட்ட மனசு இல்லாத பெண்மணி, இன்றைக்கும் சொல்வேன். ஆறுதலாகத்தான் பேசினார்கள்.

“இருக்கட்டும் சம்பந்தி, பெருசா செஞ்சிருவோம். அதுக்குக்கூடத் தேவையிருக்காது. ஆட்டத்த விட்டுட்டா கை தன்னால மெலிஞ்சிரும்.”

எல்லாரும் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. எழுந்து வந்து மகளுக்கு முன்னால் கீழே உட்கார்ந்து, அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்கள். அதைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தார்கள். பயத்தமாவு பூசிய காலமெல்லாம் முகத்தையே பார்த்தவர்கள், அந்த உள்ளங்கையை அன்றைக்குத்தான் பார்த்தார்கள் என்று நினைக்கிறேன். விரல்களுக்குக் கீழே வரிசையாகக் காய்ப்பு. இடது கையையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். ஒரே பிள்ளையின் கைகள் என்று சொல்ல முடியாது. வலது கை அவள் அப்பாவின் கை மாதிரி இருந்தது. டீச்சர் தன் கட்டைவிரலால் அந்தக் காய்ப்பைத் தடவிக்கொண்டே இருந்தார்கள்.

“மெலிய வேண்டாம் சம்பந்தி,” என்றார்கள். “இந்தக் கை மெலிய வேண்டாம்.”

வகுப்பில் எங்களிடம் பேசுகிற அதே குரல். அதற்கு மேல் எதிர்ப்பேச்சு கிடையாது என்று அந்தக் குரலைக் கேட்டவர்கள் எல்லாருக்கும் தெரியும். அளவு கொடுத்தது என் தப்பு, வாக்குக் கொடுத்ததும் என் தப்பு, உங்கள் பேரில் குறை ஒன்றும் இல்லை என்று சொல்லி, இடது கையில் கிடந்த வளையலைத் தானே கழற்றி அந்த அம்மாவின் கையில் வைத்தார்கள். அந்த அம்மா தன் முந்தானையால் இவள் கையிலிருந்த சோப்பைத் துடைத்துவிட்டு எழுந்தார்கள். அவள் அப்பா அன்றைக்கு முதல் தடவையாக நிமிர்ந்து உட்கார்ந்தார். குருவானவர் பாடுதான் திண்டாட்டம். நிச்சயத்துக்கு என்று தயார் செய்துகொண்டு வந்த முடிவு ஜெபத்தைச் சொல்லவும் முடியாது, சொல்லாமல் போகவும் முடியாது. கர்த்தர் கற்பித்த ஜெபத்தைச் சொல்லி ஒருவழியாக முடித்துவைத்தார். கிறிஸ்தவப் பிள்ளை இல்லாத நானும் சத்தமாகச் சேர்ந்து சொன்னேன், எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

மெட்ராஸுக்கு ரயில் ஏறும்போது பார்த்தால் டீச்சரும் பெட்டியோடு நிற்கிறார்கள். பள்ளிக்கு லீவு போட்டிருந்தார்கள். அவர்கள் லீவு போட்டு ஒருவரும் பார்த்ததில்லை. வழி நெடுக அந்தக் கையை மடியில் வைத்து, வெந்நீரில் உப்புப் போட்டுத் துணியை நனைத்து ஒத்தடம் கொடுத்துக்கொண்டே வந்தார்கள். அம்மாவும் மகளும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. நான்தான் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தேன், அந்த அமைதியை என்னால் தாங்க முடியவில்லை.

கடைசி நாலு பேரில் வருவதற்கான ஆட்டம் மத்தியானத்துக்கு மேல். எதிரே நின்றவள் மெட்ராஸ் பெண், நல்ல உயரம், போன தடவை இவளைத் தோற்கடித்தவள். கை வீக்கம் முழுதாக வற்றவில்லை. காசு சுண்டினார்கள், இவள் பக்கம் விழுந்தது. எல்லாரும் சர்வீஸ்தான் கேட்பார்கள். இவள் அண்ணாந்து மரத்தைப் பார்த்தாள், காற்று மூஞ்சியில் அடிக்கிற பக்கத்தைக் காட்டி, அந்தப் பக்கம் வேண்டும் என்றாள். சுற்றி இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். தெற்கத்திப் பிள்ளைக்கு எதைக் கேட்பது என்று கூடத் தெரியவில்லை! டீச்சர் பதறிப்போய், ஏன் சிரிக்கிறார்கள், பிள்ளை ஏதாவது தப்புப் பண்ணிவிட்டாளா என்று என்னிடம் கேட்டார்கள். எதிர்காற்றில் முதலில் நின்றால் அது எவ்வளவு அடிக்கிறது என்று கைக்குத் தெரிந்துவிடும், அதற்காகக் கேட்கிறாள், அவள் வளர்ந்ததே அப்படித்தான் டீச்சர் என்றேன்.

முதல் செட் முடிகிற சமயம் பார்த்துக் காற்றும் திரும்பியது. அதுவரை மேற்கே இருந்து அனலாக வந்தது நின்று, கடல் காற்று ஏறியது. உயரமான பெண் பந்தை உயரத் தூக்கிப் போடுவாள், அது ஒதுங்கிப் போகும், அடிக்காமல் கையில் பிடித்துவிட்டு மறுபடி தூக்குவாள். மறுபடி ஒதுங்கும். இவள் பந்தோ தலைக்கு மேலே உயரப் போகவே இல்லை, காற்றுக்கு அதைத் தொட நேரமே கிடைக்கவில்லை. அன்றைக்கு அவள் ஆடியதை நான் எப்படிச் சொல்ல! ஒவ்வொரு அடிக்கும் அந்த வீங்கிய கை வலித்திருக்கும். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. முதல் செட்டைத் தோற்றாள், அடுத்ததைப் பிடுங்கினாள், கடைசி செட்டில் அந்தப் பெண்ணை மூலைக்கு மூலை ஓடவிட்டாள். ஜெயித்ததும் குதிக்கவில்லை, கத்தவில்லை. எதிராளிக்குக் கை கொடுத்துவிட்டு நேரே எங்களிடம் வந்து, அம்மா முன்னால் நின்றாள். டீச்சர் கைப்பையிலிருந்து ஈரத்துணியை எடுத்து அந்தக் கையில் சுற்றினார்கள். அங்கே உட்கார முடியாமல், தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்று சொல்லி எழுந்துபோய் ஒரு பாட்டம் அழுதுவிட்டு வந்தேன்.

மறுநாள் ஆட்டத்தில் தோற்றாள், கை ஒத்துழைக்கவில்லை. அதனால் என்ன, மாநில அணியில் பெயர் வந்துவிட்டது. அதற்கப்புறம் கல்கத்தாவில் புல் தரையில் ஆடினாள், டெல்லியில் ஆடினாள், கொழும்புக்குப் போய் ஆடினாள். ஜெயித்ததும் உண்டு, தோற்றது அதைவிட அதிகம். தோற்றுவிட்டு வந்தால் ஒரு நாள் முழுக்கத் தூங்குவாள், மறுநாள் என் வீட்டுச் சுவர் ஏறிக் குதிப்பாள், வாளா கோர்ட்டுக்கு என்பாள். அப்போது எனக்குக் கல்யாணமாகிக் கைக்குழந்தை வேறு. குழந்தையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு நானும் போவேன், எனக்குப் புத்தி வரவே இல்லை.

பத்திரிகையில் அவள் படம் வந்தபோது ஊர் வாய் சும்மா இருக்கவில்லை. காசு வாங்கிக்கொண்டு ஆடுகிறாளாம், பொம்பளைப்பிள்ளை அரைப் பாவாடையோடு காசுக்கு ஆடுகிறாளாம் என்று ஞாயிறு ஆராதனை முடிந்து கோயில் வாசலிலேயே டீச்சர் காதுபடப் பேசினார்கள். டீச்சர் நின்று திரும்பி, நானும் சம்பளம் வாங்கிக்கொண்டுதானே பாடம் எடுக்கிறேன், உங்கள் பிள்ளைகள் எல்லாம் அதில் படித்தவர்கள்தானே என்று கேட்டுவிட்டு, குடையை விரித்துக்கொண்டு நடந்தார்கள்.

அவள் முதல் தடவையாக ஒரு பருவம் முழுக்க வெளிநாட்டில் ஆடப் போவது முடிவானபோது, டீச்சர் என்னைக் கூப்பிட்டு, கூட வா, ஆசாரி கடைக்குப் போக வேண்டும் என்றார்கள். தங்கள் கல்யாண வளையல் ரெண்டையும் கைக்குட்டையில் முடிந்து எடுத்து வந்திருந்தார்கள். அதை உருக்கிப் புதிதாகச் செய்ய வேண்டும். அளவு எங்கே டீச்சர் என்று ஆசாரி கேட்டார். டீச்சர் ரெண்டு நூலை எடுத்து வைத்தார்கள். ரெண்டும் மகளின் கையைச் சுற்றித் தாங்களே எடுத்த அளவு, இடது கைக்கு ஒரு முடிச்சு, வலது கைக்கு ரெண்டு முடிச்சு. ஆசாரி ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நீட்டிப் பார்த்தார். ஒன்று நீளம், ஒன்று குட்டை. மறுபடியும் நீட்டிப் பார்த்தார்.

“ரெண்டு பிள்ளைகளுக்கா டீச்சர்?”

“ஒரே பிள்ளைக்குத்தான்,” என்றார்கள் டீச்சர்.

ஆசாரிக்கு ஒன்றும் விளங்கவில்லை, என்னைப் பார்த்தார். வளையல் செய்து வந்த அன்று, பெட்டி கட்டிக்கொண்டிருந்தவளைக் கூப்பிட்டு, கூடத்தில் அதே இடத்தில் உட்காரவைத்து, டீச்சர் தங்கள் கையாலேயே போட்டுவிட்டார்கள். இடது கையில் ஏறியது. வலது கையை நீட்டும்போது அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அதுவும் ஏறியது, சோப்பு எதுவும் தேவைப்படவில்லை.